தொகை எழுதாத சீட்டு

கார்டு கம்பெனிகளை ஒழித்துக் கட்டுவோம் என்று கிளம்பிய ஒரு சின்னக் கம்பெனியில் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கார்டு கம்பெனிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரணியில் என் மாமா கடையில் இருந்த ஒரு பழக்கம்தான் ஒழிந்தது. ஒழித்தவன் நான்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பஜாரில் பட்டுப்புடவைக் கடை. தொண்ணூறுகளின் நடுவில், நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, பேங்குக்கு நடையாய் நடந்து ஒரு கார்டு மிஷின் வாங்கி வந்தார். இப்போது இருப்பது மாதிரி இல்லை. அதற்குக் கரண்டும் வேண்டாம், போன் லைனும் வேண்டாம். கனமான ஒரு தட்டு, அதன்மேல் ஓடும் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கார்டைத் தட்டில் வைத்து, மேலே கார்பன் சீட்டை வைத்து, கைப்பிடியை ஓர் இழுப்பு இழுத்தால் கார்டில் புடைத்திருக்கும் நம்பர் சீட்டில் பதிந்துவிடும். தொகையைப் பேனாவால் எழுதிக் கையெழுத்து வாங்கி, சீட்டை பேங்கில் கொடுத்தால் பணம் வரும். வந்த புதிதில் மாமா அதற்குத் தினமும் பூ வைத்தார். "எனக்கு ஒரு மொழம் வாங்கியாறதுக்கு நாலு தபா சொல்லணும்" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கடையிலேயே முடிவு செய்துவிட மாட்டார்கள். ஊரில் நடக்க முடியாத அத்தை ஒருத்தி பார்க்க வேண்டும், சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதனால் எட்டோ பத்தோ புடவையைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்புவது வழக்கம். பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். உள்ளூர்க்காரர்கள் என்றால் பரவாயில்லை. வெளியூர்க்காரர்களுக்கு எதை நம்பிக் கொடுப்பது? மிஷின் வந்ததும் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கார்டைப் பதித்து, கையெழுத்தை வாங்கி, தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். கட்டு திரும்பி வந்ததும், வராமல் நின்ற புடவைகளை எண்ணி, அவர்கள் எதிரிலேயே தொகையை எழுதுவார். பேங்குக்குத் தெரிந்திருந்தால் மிஷினைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் இவர் காசு வாங்காமல் பட்டைக் கொடுத்தார், அவர்கள் காலிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள், ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் வந்தவாசிப் பக்கத்துக்காரர். சென்னையில் பெரிய ஆபீஸில் உத்தியோகம். கடையில் அவருக்கு 'ஆபீசர்' என்றே பெயர். மூன்று பெண்கள். முதல் இரண்டு பெண்களின் கல்யாணத்துக்கும் கட்டு எங்கள் மாமா கடையிலிருந்துதான் போனது. இரண்டாவது கல்யாணத்தில் மாமாவுக்கு முதல் பந்தியில் இலை போட்டு, ஆபீசரே பக்கத்தில் நின்று பார்த்துப் பரிமாறச் சொன்னாராம். மாமா அதை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் சென்னையில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் ஆபீஸ். கார்டு கம்பெனிக்காரன் ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கிறான், நாங்கள் அதில் பாதிகூட வாங்க மாட்டோம் என்பது எங்கள் பேச்சு. கார்டே வேண்டாம், செல்போன் போதும். கடையின் நம்பரையும் தொகையையும் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு போன் வரும். ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் பேங்கிலிருந்து எங்கள் வழியாகக் கடைக்குப் போகும். உலகத்தையே புரட்டப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினேன். சொந்த ஊர் என்பதால் ஆரணியை என் தலையில் கட்டினார்கள். நான் நேராக மாமா கடைக்குப் போனேன்.

மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி மச்சான். கட்டு எடுத்துகினு போறவங்க இன்னா பண்ணுவாங்க? இதுல தொகை போடாம வுட முடியுமா?"

"முடியாது மாமா. மொத்தக் கட்டுக்கும் பணம் அனுப்பிடுவாங்க. திரும்பி வர்ற புடவைக்குக் காசு திரும்பிப் போயிடும்."

"எத்தினி நாள்ல?"

"ரெண்டே நாள்."

"ஆபீஸ்ல கேட்டுகினுதான் சொல்றியா?"

நான் சிரித்தேன். "நீங்க கைப்பிடிய இழுத்துகினே இருங்க மாமா. ஊரு ஒலகம் எங்கியோ போயிடுச்சு."

நான் கேட்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காததற்குக் காரணம் மறதி இல்லை, திமிர்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் மாமா விரட்டியிருப்பார். மச்சான் பேச்சைத் தட்டக்கூடாது என்று அந்த வாரமே மிஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் பேங்கில் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஜில்லாவில் கார்டு மிஷினைத் திருப்பிக் கொடுத்த முதல் கடை என்று ஆபீஸில் எனக்குக் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள்.

அடுத்த வைகாசியில் ஆபீசரின் மூன்றாவது பெண்ணுக்குக் கல்யாணம். புடவை எடுக்க வந்தவருக்கு நானே பக்கத்தில் நின்று அவர் போனில் எல்லாவற்றையும் பதிவு செய்து கொடுத்தேன். ஒன்பது புடவைக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினார். "மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் வெச்ச பணம் சார் இது. ரெண்டு நாள்ல வந்துடும் இல்ல?" என்று என்னைத்தான் கேட்டார். வந்துவிடும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு புடவை திரும்பி வந்தது. ஆபீஸுக்குச் சொன்னேன். அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை மட்டும் திருப்பும் ஏற்பாடு இன்னும் செய்யவில்லை என்றார்கள். மொத்தத்தையும் நிறுத்திவைத்துப் பிறகு பிரித்துத் தருகிறோம் என்று நிறுத்தினார்கள். அதோடு அந்தப் பணம் மாமாவுக்கும் வரவில்லை, ஆபீசருக்கும் போகவில்லை. இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை.

ஆபீசர் கடைக்கு வந்தார். எப்போதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறவர் அன்று படியிலேயே நின்றார். கடை நிறைய ஆட்கள்.

"ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு வெறும் சீட்டுல கையெழுத்துப் போட்டு உங்ககிட்ட குடுத்தேன். நீங்க என்னா வேணா எழுதியிருக்கலாம். எழுதுவீங்கன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. இப்போ புடவையும் உங்ககிட்ட இருக்குது, காசும் உங்ககிட்ட இருக்குது."

நான் மாமாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். 'பணம் எங்கள் கம்பெனியில் மாட்டியிருக்கிறது, அவரிடம் இல்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புடவை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாமா திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை.

"என் தப்பு சார். நாளைக்குள்ள உங்க காசு உங்க வூடு வந்து சேரும்" என்றார்.

நெசவுக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்ததை எடுத்து, பற்றாததற்கு நாலு இடம் அலைந்து, மறுநாள் தானே வந்தவாசி பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கல்யாணம் நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டோம். பத்திரிகை வரவில்லை.

எங்கள் கம்பெனியிலிருந்து பணம் ஒன்றரை மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் கம்பெனியே இல்லை. மாமா மறுபடி பேங்குக்கு நடந்து வாங்கிய மிஷின் போன் லைனில் வேலை செய்வது. தொகையைத் தட்டாமல் அதில் சீட்டு வராது. வந்தாலும் இனி பயனில்லை. கடையில் ஒரு பலகை தொங்கியது: 'புடவைகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட மாட்டாது.' என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா மட்டும் ஒருமுறை, "ஆபீசரு வூட்டுக் கல்யாணத்துல மொதல் பந்தியில ஒக்காந்தத உங்க மாமா இப்போல்லாம் சொல்றதில்லடா" என்றாள்.

சில வருஷம் கழித்து என் கல்யாணம். பெண் வீடு சேவூர். முகூர்த்தப் புடவையைப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று அம்மா மாமாவிடம் கட்டு கேட்டாள். அவர் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்பது புடவை எடுத்துக் கட்டினார். பிறகு பில் புத்தகத்தைத் திறந்து நெடுநேரம் எழுதி, என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துப் போடு மச்சான். தப்பா நெனச்சிக்காத, இப்போல்லாம் யாரா இருந்தாலும் இதான்."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் போட்டேன். புடவைக்குப் புடவை தொகை எழுதியிருந்தது. ஓர் இடம்கூடக் காலியாக இல்லை.