இருபத்து நான்கில் ஒன்று

நான் காலுறையை இழுத்து மாட்டும்போது ஐவிண்ட் தன் காலைப் பார்ப்பதில்லை. கணினித் திரையைப் பார்க்கிறார். அதில் டர்பைன் தகடுகளின் நடுவே தண்ணீர் நீலமும் சிவப்புமாக வளைந்து ஓடுகிறது. நிஜத் தண்ணீர் அல்ல, கணக்குத் தண்ணீர். "கணுக்கால்ல அழுத்தம் கூடுது போர்கில்," என்பார் என்னிடம். அங்கேதான் கூட வேண்டும். கால் வீக்கத்துக்கான உறை அது; காலையில் வந்து மாட்டிவிடும் செவிலி நான்.

வயது எழுபத்தெட்டு. ஓடும் தண்ணீரைக் கண்டால் நின்றுவிடுவார். பனி உருகும் நாட்களில் எங்கள் நார்வே ஊரான த்ரோண்ட்ஹெய்மின் பாலத்தில் சாய்ந்து, தூணுக்குப் பின்னால் நீர் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி போன துக்கம் என்று அக்கம்பக்கத்தார் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். துக்கமும் உண்டுதான். ஆனால் பாலத்துக்கு அவர் போவது சுழலைப் பார்க்க.

இளமையில், ஆய்வுக்கூடத்து மாதிரி டர்பைனில் கம்பளி நூல்களை ஒட்டி, கண்ணாடி வழியே நீரின் போக்கைப் பார்ப்பார்களாம். நூல் கொடுத்தவள் அங்கே தட்டச்சு செய்த பெண். "அவ ஸ்வெட்டர் கை ரெண்டையும் பிரிச்ச நூல்தான் டர்பைனுக்குள்ள போச்சு. அப்புறம் கல்யாணம் பண்ணிக்காம எப்படி?" இதை நூறு முறை கேட்டுவிட்டேன். தடுப்பதில்லை, அப்போதுதான் ரொட்டியை முழுதாகச் சாப்பிடுகிறார்.

பிறகு கணினி வந்தது. "அதுக்குச் சின்ன வயிறு. தகடுகளுக்கு நடுவுல தண்ணி போற வழி இருபத்துநாலு, அதுல ஒண்ணை மட்டும் கணக்குக்கு ஊட்டுவோம். மத்ததும் அப்படித்தான்னு எழுதிருவோம்." அப்படிக் கணக்கிட்டு அவர் வரைந்த சுழலி, அதாவது டர்பைனுக்குள் சுழலும் தகட்டுச் சக்கரம், மலைக்குள் இருக்கும் ஒரு மின்நிலையத்தில் முப்பது ஆண்டுகளாகச் சுழல்கிறது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் அதில் விரிசல் கண்டது. உலோகத்தை உருக்கி ஊற்றிய வார்ப்பில் குறை என்று எழுதிக் கொடுத்தார். நம்பினார்கள், பற்றவைத்து ஓட்டினார்கள். இந்தத் திங்கட்கிழமை, பனிநீர் வந்ததும், முழு வேகத்தில் ஓட்ட இருந்தார்கள்.

அதற்கு முந்தைய வியாழன் காலை நான் போனபோது திரையில் இருபத்து நான்கு வழிகளும் இருந்தன. பேரன் கொடுத்த புதிய கணினி, வயிறு பெரியது. வெளியே இருபத்து நான்கு தகடுகள், உள்ளே சுழலியில் பதினாறு. உள்தகடுகள் வெளித்தகடுகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எட்டுத் தகடுகள் ஒரே கணத்தில் தண்ணீரின் அடி வாங்குகின்றன, விரிசல் அதனால்தான் என்று காட்டினார். பதினாறுக்குப் பதில் பதினேழு வைத்திருந்தால் அடி ஒவ்வொன்றாகப் பிரிந்து போயிருக்குமாம். காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

"ஒரு வழியைப் பாத்துட்டு எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டேன் போர்கில். அப்புறம் வார்ப்புக்காரன் தலையில கட்டிட்டேன்."

யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை. அவர் பேர் சொல்லும் சுழலி அது ஒன்றுதான்.

"மெஷின் பக்கத்துல ஆளுங்க நிப்பாங்கல்ல? போனை எடுங்க," என்றேன்.

எடுத்தார். மின்நிலையத் தலைவர் அஸ்லாக்கின் குரல் கேட்டதும் மேசையைப் பிடித்து எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அஸ்லாக், திங்கக்கிழமை ஓட்டாதீங்க. வார்ப்புல குறை இல்ல. குறை என்னோடது."

அவர் உட்கார, நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வைத்தேன். தலையசைத்து மறுத்துவிட்டு, பேசி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.