தீக்குச்சியை ஊதச் சொல்கிற வேலை

இருட்டில் கேட்கிற சத்தம் எந்த நெஞ்சிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவதுதான் நெஞ்சு நோய் கிளினிக் நர்ஸின் தொழில். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே ஒரு நாள் அதை ரம்பம் என்று நினைத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வயதான டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் கொஞ்சம்தான். வருகிறவர்களிடம் "பீடியா, சிகரெட்டா, சுருட்டா?" என்று கேட்பதும், "எப்பவாச்சும் ஒண்ணு" என்கிற பதிலை நம்பாமல் இருப்பதும்தான் முக்கால்வாசி வேலை. கான்வென்ட்டில் படிக்கும்போது புகை பிடிப்பதன் தீமைகள் என்று கட்டுரை எழுதி ஒரு பீங்கான் கோப்பை பரிசு வாங்கினேன். இப்போது அந்தக் கோப்பைக்குள்தான் என் வீட்டுக்காரர் பீடிக்கட்டை வைக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கோப்பை இருந்தால், அக்கா தங்கச்சிகளே, இது உங்களுக்காகத்தான். பாப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். ஒரு காது அவள் பக்கம் இருக்கிறது.

ரம்பம்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிற சமயம். ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வின்சென்ட் லாரி ஓட்டுகிறவர். லாரி ஓடாததால் ஊரிலேயே இருந்தார். அந்த நேரம் கடைத்தெருப் பக்கம் போயிருந்தார். நானும் ஒரு வயது பாப்பாவும் மட்டும். திடீரென்று கர்ர்... கர்ர்... என்று இழுத்து இழுத்து ஒரு சத்தம். வாசலுக்கு எதிரே இருக்கிற மரத்தையும் அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஓட்டின் மேல் விழப்போகிறது என்று பயந்து, பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். மூலைக்குப் போனதும் சத்தமும் கூடவே வந்தது. அப்புறம்தான் அவள் முதுகில் காதை வைத்தேன்.

விடிந்ததும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மருந்து கொடுத்தார். புகை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், படப்படத் திரும்பத் திரும்ப வரும், ஜாஸ்தியானால் சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். சேலம் போகிற பஸ்கள் மறியலால் சின்னசேலம் தாண்ட முடியாமல் நிற்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், நீங்க எல்லாரையும் கேக்கறத இன்னிக்கி நான் உங்கள கேக்கறேன். வூட்ல யாரு ஊதறது?"

நீட்டிய நெருப்பு

எங்கள் டாக்டரிடம் ஒரு சின்ன சோதனை உண்டு. தீக்குச்சியைக் கொளுத்தி ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார். உதட்டைக் குவிக்காமல் வாயை அகலத் திறந்து ஊதி அணைக்க வேண்டும். நல்ல நெஞ்சு என்றால் ஒரே மூச்சில் அணைந்துவிடும். வருஷக்கணக்காகப் புகை போய்க் குழாய்கள் சுருங்கிய நெஞ்சு என்றால், உள்ளே போன காற்று சட்டென்று வெளியே வராது. ஜுவாலை லேசாக ஆடும், அவ்வளவுதான்.

சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். நாலு எட்டு நடந்தால் இளைப்பு. டாக்டர் உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்ததால் குச்சியைக் கொளுத்தி நீட்டியது நான். அவர் என்னைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்து, காற்று படாமல் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, பணிவாகக் குனிந்து பற்ற வைத்துவிட்டார். நான் கத்தியதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, நிஜமாகவே மனம் வருந்திச் சொன்னார்: "நெருப்ப நீட்டுனா வாங்கிக்கறதுதானங்க மொற? பொம்பளப் புள்ள நீட்டுது, வேணாம்னா மூஞ்சில அடிச்ச மாரி இருக்காதா?"

மூணு பீடி தூரம்

மாதத்துக்கு ஒரு தரம் கல்வராயன் மலையில் முகாம். வெள்ளிமலை வரைக்கும் ஜீப் போகும். அதற்கப்புறம் நடைதான். மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து வருகிறவர் சின்னையன், அந்த மலைக்காரர். முதல் தரம் போனபோது "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "மூணு பீடி தூரம்க்கா" என்றார். ஒரு பீடி தீருகிற வரைக்கும் நடப்பது ஒரு கணக்கு. பெட்டியை இறக்கி வைத்து, அடுத்ததைப் பற்ற வைத்து, இருமி முடித்துக் கிளம்புவது இன்னொரு கணக்கு. மூன்றாவது பீடிக்குள் முகாம் நடக்கிற பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

அவர் இருமல் சரியாகப் படாததால் டாக்டர் ஒரு நாள் அவரையே பெஞ்சில் உட்கார வைத்துச் சோதித்தார். அப்புறம் சின்னையன் பீடியை விட்டார். மலையில் கிடைக்கிற கடுக்காயின் தோலை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கை பரபரக்கும்போதெல்லாம் அதை மெல்லுவார், ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பார். "கசக்குது, தொவர்க்குது, அப்பால தண்ணி தித்திக்குது" என்பார். இருமல் மெல்ல மெல்லக் கம்மியானது. அடுத்தடுத்த முகாமுக்குப் பெட்டியை இறக்காமலே ஏறினார். ஒரு தரம் புதிதாக வந்த நர்ஸ் தூரம் கேட்டதும் நின்று யோசித்தார், விரலை மடக்கினார், பிரித்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார்: "தெரியலக்கா. முன்னெல்லாம் தூரமா இருந்திச்சு, இப்ப சீக்கிரம் வந்துர்து."

பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

எங்கள் டாக்டர் பீடியை விடு என்று எடுத்தவுடன் சொல்ல மாட்டார். "தீப்பெட்டிய இங்க வெச்சிட்டுப் போ" என்பார். ஆசை வந்தால் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். நெருப்பைத் தேடிப் போகிற நேரத்தில் அது இறங்கிவிடட்டும் என்பது அவர் யோசனை. அந்த நேரத்துக்குத் தண்ணீர் குடி, நட, யாரோடாவது பேசு. முதல் சில நாள் கோபம் வரும், தூக்கம் வராது, இருமல்கூட ஜாஸ்தியாகலாம். அதற்குப் பயந்து திரும்பக் கொளுத்திவிடாதே. தவறிப்போய் ஒன்று குடித்துவிட்டாயா, அதோடு நிறுத்து, கட்டு முழுக்கக் குடிக்காதே. எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. எங்கள் ஊரில் நெருப்பு கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஜென்மப் பகையாளிகூட வாயில் இருக்கிற பீடியை எடுத்து நீட்டுவான். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் புகைந்துகொண்டிருப்பார்கள். மிச்சப் பாதிப் பேர் நிஜமாகவே விட்டார்கள் என்பதால் டாக்டர் சளைக்கவில்லை. மேசையில் சேருகிற பெட்டிகளை எல்லாம் சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு போகிற கம்பவுண்டர் கோவிந்தன் அண்ணன் சொல்வார்: "இவுருகிட்ட வேலைக்கி வந்ததுலேர்ந்து எங்க வூட்ல தீப்பெட்டி வாங்கனதே கெடயாது."

மறியலிலிருந்து வந்தவன்

அந்தப் பையன் பட்டப்படிப்பு முடித்தவன். கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்தான். ரோட்டில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததில் குளிருக்கு ஒரே பீடியை வாய் மாற்றி வாய் மாற்றிக் குடித்திருக்கிறார்கள். சளியில் ரத்தக் கோடு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காச நோய், மாத்திரைகளை ஒரு நாள்கூட விடாமல் முழுசாகச் சாப்பிட்டால் குணமாகும், புண் இருக்கிற இடத்தில் காற்று போகாது, பீடியோடு சேர்ந்தால் நெஞ்சு தேறாது என்று சொன்னார். பங்குபோட்டுக் குடித்தவர்களையும் கூட்டி வரச் சொன்னார்.

மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று, சிரிக்கிற மாதிரி சொன்னான்: "வேலையில எடம் கேட்டு ரோட்ல ஒக்காந்துக்கினு இருந்தேன், நர்சம்மா. நெஞ்சுல காத்துக்கே எடம் இல்லன்றீங்களே."

நல்ல குச்சி

டாக்டர் கேட்ட கேள்வியை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் பீடி பிடிப்பதை நிறுத்திவிட்டார். அது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாப்பாவைத் தூக்கிக்கொள்ளும்போது சட்டையில் அதே நாற்றம். அவள் மூக்கு அந்தச் சட்டையில்தான் புதைந்திருக்கும். தீப்பெட்டியைக் கொடுங்கள் என்றால், "லாரிக்கு வேணும்" என்று பையைத் தட்டிக்கொள்வார். லாரி ஓடவே இல்லை.

ஒரு நாள் அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்துக் கொளுத்தி, ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். "என்னங்க, வாயைத் திறந்து ஊதுங்க." விளையாட்டு என்று நினைத்து ஊதினார். ஜுவாலை ஆடியது, அணையவில்லை. இன்னொரு தரம் ஊதினார். என் விரல் சுட்டது. நானே உதறி அணைத்தேன். முப்பது வயதுகூட ஆகாத மனுஷன். நான் அழுதுவிடக் கூடாது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "நல்ல குச்சிடி லூர்து, அதான் லேசுல அணையல."

தாழ்ப்பாள்

நான் வளர்ந்த கான்வென்ட் ஹாஸ்டலில் ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் பெரிய கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் வீட்டுக்காரர் வெளியே போய்ப் பீடி குடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியே கிடந்தது. தாழ்போட்டால் தட்ட வேண்டும், தட்டினால் பாப்பா விழித்துக்கொள்வாள் என்பார். ரோட்டில் கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும். நான் பாப்பாவை அணைத்துக்கொண்டு, வெளியே ரோட்டையும் உள்ளே அவள் நெஞ்சையும் மாற்றி மாற்றிக் கேட்டபடி படுத்திருப்பேன். தெருக்காவலுக்கு முறைவைத்து நிற்கிற பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணனும் இவரும் வாசலில் ஒரே குச்சியில் இரண்டு பீடி பற்ற வைப்பார்கள்.

இன்றைக்குச் சாப்பிட்டு முடித்த நேரம் பாப்பாவுக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. மருந்து கொடுத்தேன். நிமிர்த்தி வைத்திருந்தால் கொஞ்சம் தேவலை என்று இவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே இருந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். "லூர்து, ரம்பம் மாரியேதான் இருக்குது" என்றார். அது வரைக்கும் அந்தச் சத்தத்தை அவர் என் வாயால்தான் கேட்டிருந்தார். இப்போது அவர் தோள் எலும்புக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருந்தது. நான் சின்னையன் கொடுத்தனுப்பிய கடுக்காயில் ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். எத்தனையோ நாள் நீட்டியதுதான். இன்றைக்கு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பாப்பா மெல்ல மெல்ல அடங்கி, மூச்சு சீராகிற நேரத்தில் கதவு லேசாகத் திறந்தது.

"வின்சென்டு, வர்றியா? நெருப்பு எடுத்துக்கினு வா" என்றார் ஏழுமலை அண்ணன்.

நெருப்பு கேட்டால் இல்லை என்று சொல்ல இவருக்கும் வராது. பாப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். இவர் வாங்கவில்லை.

"பெட்டியவே வெச்சிக்க."

"அப்ப உனக்கு?"

"பாப்பா தூங்குதுண்ணே. நீ போ."

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். படி இறங்கிக்கொண்டே சொன்னார்: "இன்னாடா இது, மறியல் உள்ளேயும் வந்திடுச்சா?"

நாளைக்கு லாரி ஓடுமா, இவர் வேறு யாரிடமாவது நெருப்பு கேட்பாரா, ஒன்றும் தெரியாது; இத்தனை பேர் வாயைத் திறக்கச் சொன்ன என் வேலைக்கு இன்றைக்குக் கிடைத்த கூலி, என் வீட்டுக்காரர் தன் கையாலேயே கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டதுதான்.