வீரபாண்டி வழியில் ஒரு வேப்பிலை வீடு

காலை ஐந்தரைக்குத் திருச்சியில் பஸ் ஏறி, பத்தேகாலுக்குத் தேனி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். சித்திரைக் கடைசி, வெயில் மண்டையைப் பிளந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவை ஒருமுறையாவது நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது பல வருட ஆசை. சாமி கும்பிடவா என்று கேட்டால், இல்லை. எனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிவிட்டது. கூட்டத்தைப் பார்க்கத்தான் வந்தேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் கால் வைக்கப் படிக்கட்டில் இடம் வேண்டுமே! மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். எட்டு கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்கு இறங்கி வந்தார் ஓட்டுநர். பெயர் பாண்டி, முப்பது வயதிருக்கும். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்புக் கயிறு, தூங்காத கண்கள். நாளைக்கு அக்கினிச்சட்டி எடுக்கப்போவதாகச் சொன்னார்.

பத்து நாற்பது. பழனிசெட்டிபட்டி தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, ஐந்து இளநீரும் ஒரு கட்டு வேப்பிலையும் வாங்கி என் காலடியில் வைத்தார்.

“வீட்ல ஆத்தா வந்துருக்குக்கா. என் சம்சாரத்துக்கு. இன்னிக்கு ஆறாம் நாளு.”

அம்மை என்று வாயால் சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள், விருந்தாளி வந்த மாதிரி.

“எப்படி இருக்காங்க?”

“முத்து எறங்கிருச்சு. ஆனா முந்தாநாள்லேர்ந்து மூச்சு வாங்குதுக்கா. ஆத்தா உள்ள எறங்கி வெளையாடுதுன்னு அம்மா சொல்றாக.”

வளர்ந்தவர்களுக்கு அம்மை வந்து மூச்சு வாங்கினால் அது நுரையீரலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். என்னோடு வேலை பார்த்த ஒருவரை அப்படித்தான் தூக்கிக் கொடுத்தோம்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“ஆத்தா இருக்கற வீட்ல மருந்து மாத்திரைன்னு பேசவே கூடாதுக்கா.” சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாராவது அதட்டிச் சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிற பார்வை.

“வண்டியை வீட்டுக்கு விடுங்க” என்றேன்.

பதினோரு மணி. ஓட்டு வீடுகள் இருக்கும் சின்னத் தெரு. நிலையில் வேப்பிலை தொங்கியது, வாசலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். பாண்டியின் அம்மா கையை விரித்து என்னை மறித்தார்.

“யாரு தாயி நீங்க? வெளியாளு வாசல் மிதிக்கப்படாது.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பிலை பரப்பிய வெள்ளைத் துணியில் பாண்டியின் மனைவி செல்வி கிடந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு ஏறி இறங்கியது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “உங்க மருமக பிழைக்க மாட்டா. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவளுக்குப் பதிலா உங்க ஆத்தாவா வந்து மூச்சு விடப்போறா?” என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

அந்த அம்மா படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அடிப்பாவி! அவ இருக்கற வாசல்லயே நின்னு அவள வையிறியே! ஏலே பாண்டி, இவுகள மொதல்ல கொண்டுபோய் விடுறா!” கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. தெருவே கூடி என்னை முறைத்தது. பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. என்னையும்தான்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அழுகுரல் வந்தது. “எனக்கு மட்டும் அவ சாகணும்னு ஆசையா? என் மூத்த மக, பத்து வயசு, இப்படித்தான் கெடந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். மூணாம் நாளு துணியில சுத்திக் குடுத்தாக. ஆத்தாள வீட்ட விட்டு எடுத்ததுதான குத்தம்? திரும்பவும் அந்தக் குத்தத்தச் செய்யச் சொல்றீகளா?”

உள்ளே ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். திருவிழா நெரிசல், நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

பதினொன்றே கால் இருக்கும். உள்ளிருந்து ஒரு கத்தல்.

“கதவத் தெறடீ!”

செல்வியின் குரல், கரகரத்து. மாமியாரை எந்த மருமகள் ‘டீ’ போடுவாள்? தெருவே கைகூப்பியது. பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் கிசுகிசுத்தாள். “இப்ப அவ செல்வி இல்லக்கா, ஆத்தா. வீட்ட விட்டுப் போற வரைக்கும் என்ன கேட்டாலும் குடுத்துரணும். இல்லேன்னா குடும்பம் வெளங்காது.”

மாமியாரின் குரல் நடுங்கியது. “என்ன வேணும், சொல்லு தாயி.”

“மூச்சு... முட்டுது. என்னைய... பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“அங்கனயா? உனக்கு அங்கன என்ன இருக்கு ஆத்தா?”

“கொண்டு போங்கறேன்ல!”

தாழ்ப்பாள் திறந்தது. “கேட்டுட்டா. தடுக்க நான் யாரு?” என்றபடி அந்த அம்மாவே செல்வியைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்தார். ஆட்டோவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, முன்னால் வேப்பிலை செருகினார். செல்வியின் காலை நான் மடியில் வாங்கிக்கொண்டேன். உடம்பு அனலாய்க் கொதித்தது.

சாலை முழுக்க எதிரே அக்கினிச்சட்டிகள், கொட்டுமேளம், மனிதத் தலைகள். ஹாரனை யாரும் சட்டை செய்யவில்லை. அந்த அம்மா தலையை வெளியே நீட்டி, “ஆத்தா வருது, வழி விடுங்க!” என்று கத்தினார். வேப்பிலையையும் செல்வியையும் பார்த்தவர்கள் கும்பிட்டு ஒதுங்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடுப்பை இழுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேல் தாங்கியிருக்காது என்றார் டாக்டர்.

திருவிழாவை நான் பார்க்கவேயில்லை. மூன்று நாள் தேனியில் ஒரு லாட்ஜில் தங்கி, ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வராந்தாவில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீகளா, ஆத்தா அவளே வந்து அவளே வழியும் சொல்லிட்டா” என்றார். வழக்கமாக இதற்கு என்னிடம் பத்து பதில் இருக்கும். ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ஆறு இருபதுக்குத் திருச்சி பஸ். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால் கிளம்பும்முன் இரண்டு நிமிடம் செல்வியைப் பார்க்க உள்ளே விட்டார்கள். அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

“செல்வி, அன்னைக்குக் கதவைத் திறக்கச் சொன்னது நீயா, ஆத்தாவா?”

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“மூணு நாளா நான் கெஞ்சுனேன்க்கா. ஒருத்தரும் காதுல வாங்கல,” என்றாள். “அவ ஒருக்காத்தான் கேட்டா. உடனே கெளம்பிட்டாக.”