இரண்டாவது கண்ணாடி

மருதனார்மடம் சந்தியில் வாடகைக் கார் ஓட்டும் சோமசேகரம் நல்ல மனிதர். நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போனால் காசைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஆனால் தம்பிஐயாவின் கரண்ட் கார் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அந்த நல்ல மனிதர் எங்கே போனார் என்று தேடவேண்டும்.

அவரிடம் இருந்தது அப்பா காலத்துக் கறுப்புக் கார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் பொம்பிளைக்குக் கார் என்றால் அதுதான். மணப்பெண் இறங்கும் நேரம் சோமசேகரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு சுற்றி வந்து கதவைத் திறந்துவிடுவார். படம் பிடிக்கிறவர்கள் அதற்காகவே காத்து நிற்பார்கள். எத்தனையோ கல்யாண அல்பங்களில் பெண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய கை இருக்கிறது.

தம்பிஐயா அடுத்த வளவுக்காரன். ஓட்டை வான் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவன், போன தையில் அதை விற்றுவிட்டு பெற்றோல் இல்லாமல் கரண்டில் ஓடும் வெள்ளைக் கார் ஒன்றை இறக்கினான். கதவில் கைபிடியைக் காணவில்லை. திறப்புச் சாவியோடு கிட்டப் போனால் அது உள்ளேயிருந்து தானாக வெளியே வந்தது. ஊரே கூடிப் பார்த்தது. சோமசேகரத்துக்கு வயிறு எரிந்தது. காரில்கூட இல்லை, அந்தக் கைபிடியில்தான் அவருக்குப் பொறாமை. அவருடைய வேலையை அல்லவா அது செய்தது!

"ஏறிப் பாருங்கோ அண்ணை" என்று தம்பிஐயா ஒருநாள் கூப்பிட்டான். ஏறினார். இறங்கத்தான் தெரியவில்லை. கதவெல்லாம் தடவினார். கை பட்டதெல்லாம் பொலித்தீன். காரோடு வந்த பொலித்தீனைத் தம்பிஐயா சீற்றிலும் கதவுகளிலும் உரிக்காமலே வைத்திருந்தான். எங்கள் ஆட்கள் அப்படித்தான், புதுச்சாமானில் பொலித்தீன் தானாகக் கிழியும்வரை உரிக்கமாட்டார்கள்.

"உதிலை பொத்தான் கிடக்கு அண்ணை, அமத்துங்கோ."

"கரண்ட் செத்தால்?"

"கதவின்ரை அடியிலை ஒரு கயிறு இருக்காம். பொலித்தீனுக்குக் கீழை கிடக்கு. இப்ப அது என்னத்துக்கு?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு சோமசேகரத்துக்குச் செமிக்கவில்லை. "கதவு திறக்காத பெட்டிக்குள்ளையோ பொம்பிளையை ஏத்திறது?" என்று சந்தியில் கண்டவரிடமெல்லாம் சொன்னார். சொன்னது சரி, சொன்ன மனம்தான் சரியில்லை. "சோமண்ணைக்கு எரிச்சல்" என்று மற்ற ஓட்டுநர்கள் நக்கலடித்தார்கள். ஆவணி முகூர்த்தமெல்லாம் தம்பிஐயாவிடம் போய்ச் சேர்ந்தது.

அதையும் பொறுத்திருப்பார். உடுப்பிட்டியில் சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம் வந்தது. மனைவி உதயகலா பட்டுச்சாறியோடு வெளிக்கிட்டு, "நான் குணலட்சுமியோடை அவையின்ரை காரிலை போறன்" என்றாள். குணலட்சுமி தம்பிஐயாவின் மனைவி.

"ஏன், எங்கடை காருக்கு என்ன?"

"உங்கடை காருக்குள்ளை இருந்தால் சாறியெல்லாம் பெற்றோல் மணம்."

சோமசேகரம் கல்யாணத்துக்கே போகவில்லை. கோபித்துக்கொண்டு சந்திக்கு வந்து காருக்குள் குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் சற்றுத் தள்ளி ஆஞ்சநேயர் கோயிலடியில் வந்து நின்றது. தம்பிஐயாவும் குணலட்சுமியும் தேங்காய் உடைக்க இறங்கினார்கள். முழங்கால் நோவென்று உதயகலா பின்சீற்றிலேயே இருந்துவிட்டாள்.

திரும்பி வந்தால் கைபிடி வெளியே வரவில்லை. உள்ளே சாமிப்படத்தைச் சுற்றித் தம்பிஐயா கொழுவியிருந்த கலர் பல்புகள் இரவு பகலாக எரிந்து, கதவுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பற்றரியைக் குடித்து முடித்திருந்தன. உச்சி வெயில். கண்ணாடியெல்லாம் பூட்டு. சனம் கூடிவிட்டது.

தூரத்திலிருந்து பார்த்த சோமசேகரத்துக்கு முதலில் வந்தது சந்தோசம். நல்லாய் வேணும் என்று வாய்விட்டே சொன்னார். உதயகலாவின் ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓடினார். அவள் முகம் வேர்த்துச் சிவந்து, கதவுப் பொலித்தீனை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. தம்பிஐயா கைபேசியும் காதுமாக, "பொறுங்கோ அண்ணை, கார்க் கொம்பனிக்காரர் கொழும்பிலை இருந்து சொல்லுகினம்" என்றான்.

"அவை சொல்லி முடிக்க இவள் செத்துப்போவாள்!"

தன் காரில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து வந்து, அவள் இருந்ததற்கு மறுபக்கத்துப் பின்கதவுக் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கைவிட்டுப் பொலித்தீனைக் கிழித்துக் கயிற்றை இழுத்தார். கதவு திறந்தது. உதயகலாவை இறக்கி, கோயில் மதில் நிழலில் இருத்தி, சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அவள் இரண்டு மிடறு குடித்திருப்பாள். மறுபடியும் ஒரு சத்தம். சோமசேகரம் வெள்ளைக் காரின் முன்கண்ணாடியையும் உடைத்துவிட்டு அலவாங்கோடு நின்றார்.

"காத்துப் போகட்டும் எண்டுதான்" என்றார். ஆளைக் காப்பாற்றியவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

பெற்றோல் மணக்கும் கறுப்புக் காரில் இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் கார் நின்றதும் உதயகலா கேட்டாள்.

"முதல் கண்ணாடி எனக்காக உடைச்சனீங்கள். நான் வெளியிலை வந்தாப் பிறகு உடைச்சது ஆருக்காக?"

சோமசேகரம் இறங்கி, வழக்கம்போலச் சுற்றி வந்தார், கதவைத் திறந்துவிட. அதற்குள் அவள் உள்ளேயிருந்து தானே திறந்துகொண்டு இறங்கி, நொண்டி நொண்டி வீட்டுக்குள் போய்விட்டாள்.