மச்சச் சட்டி, சைவச் சட்டி

யூதப் பெண்களின் தலைமைத்துவ மாநாட்டுக்கு நான் உளுந்து வடையோடு போனேன். யார் அழைத்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். கையை வீசிக்கொண்டு ஓரிடத்துக்குப் போகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

அழைத்தவள் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற தாதி. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த யூதப் பெண். வேறு சிறுபான்மைச் சமூகங்களிலிருந்தும் சில பெண்களைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அந்த நாட்களில் என் மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் அடுத்த வாரம். தலைவர் பதவியில் இதுவரை ஒரு பெண் இருந்ததில்லை. இந்த முறை நான் நிற்க வேண்டுமென்று சங்கத்துப் பெண்கள் பிடிவாதமாக இருந்தார்கள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். ஆனால் அப்போதைய தலைவர் கேட்ட ஒரு கேள்வி என்னைப் பின்னுக்கு இழுத்தது.

“அக்கா, நீங்கள் தலைவியா வந்தா குசினியை ஆர் பாக்கிறது?”

அவர் நக்கலடிக்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார், அதுதான் கொடுமை. பொங்கலென்றாலும் நவராத்திரியென்றாலும் சமையல் என் பொறுப்பு. எந்தக் கிடாரம் எதற்கு, எந்த அகப்பை எதற்குள் போகக் கூடாது என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து நானே அவருடைய பக்கம் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

மாநாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதுகாப்புக்காக, நடக்கிற இடமே முதல்நாள் மாலைதான் தொலைபேசிக்கு வந்தது. நான் இருக்கிற ட்வெய்ட்டாவில் ரயிலேறிப் போய் இறங்கி நடந்தால், வாசலில் துப்பாக்கியோடு பொலிஸ். என் கால்கள் தாமாகவே மெதுவாகின. யாழ்ப்பாணத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற கால்கள் அல்லவா. எனக்கு முன்னால் நின்ற பெண்களோ பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை பேசியபடி, பேச்சை நிறுத்தாமலே பைகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பழகிப் போயிருந்தது. ஒஸ்லோவில் பெண்கள் கூடிக் கதைப்பதற்கும் காவல் வேண்டியிருக்கிறதே என்று மனம் கனத்தது. காவலுக்கு நின்றவர் என் வடை டப்பாவைத் திறந்து பார்த்தார், வாசனைக்குச் சிரித்தார், உள்ளே விட்டார்.

உள்ளேதான் பிரச்சினை. டப்பாவைக் கண்டதும் தாதியின் முகம் மாறியது. வெளியில் சமைத்ததை இங்கே சமையலறைக்குள் கொண்டுபோக முடியாது, யாரும் சாப்பிடவும் மாட்டார்கள், முதலே சொல்லாதது தன் பிழைதான் என்று காதுக்குள் சொல்லிவிட்டு, மேலங்கிகள் தொங்கிய இடத்துக்குக் கீழே டப்பாவை வைத்துவிட்டு வந்தாள். விடிய எழும்பி அரைத்துச் சுட்ட வடை, கழற்றி வைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. முதல் பேச்சாளர் மேடையில் என்ன சொன்னாரென்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனபோது சமையலறை திறந்திருந்தது. பாத்திரம் கழுவ இரண்டு தொட்டிகள். பாதிச் சட்டிகளின் கைப்பிடியில் சிவப்பு நாடா, பாதியில் நீல நாடா. துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து வந்த ஒரு யூதப் பெண் அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, தங்கள் சமய விதிப்படி இரண்டும் கலக்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்தத் தொடங்கினாள்.

விளங்கப்படுத்தத் தேவையில்லை என்றேன். எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சச் சட்டி வேறு, மரக்கறி மட்டும் சமைக்கிற சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை பருப்புக்குள் மீன் அகப்பை விழுந்தால் அந்தப் பருப்பின் கதை முடிந்தது. இதை நோர்வேஜிய மொழியில் சொல்லி முடிப்பதற்குள் அவள் கோப்பையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. விரத நாளில் யாராவது என் வீட்டுக்குக் கறி கொண்டுவந்தால் நானும் சிரித்த முகத்தோடு வாங்கி ஒரு மூலையில்தான் வைத்திருப்பேன். சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மதியத்துக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்தோம். எது உன்னைத் தடுக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். துரொண்ட்ஹெய்ம்காரியின் முறை வந்தது. அவர்களுடைய சமூகம் சின்னது, பெருநாட்களில் சமையல் எப்போதும் அவள் கையில். தலைமைப் பொறுப்புக்கு அவள் பெயர் அடிபட்டபோது ஒருவர் எழுந்து கேட்டாராம், அப்படியென்றால் சமையலறையை யார் பார்ப்பது என்று.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் தடவை அந்தக் கேள்விக்குப் பயந்து பின்வாங்கிவிட்டாளாம். அடுத்த தடவை, கேட்ட மனிதரையே கூட்டிக்கொண்டுபோய்ச் சிவப்பையும் நீலத்தையும் காட்டிப் பழக்கினாளாம். அவர் ஒரு சட்டியைக் கெடுத்தார். வானம் இடிந்து விழவில்லை. இப்போது அவள் அகப்பையைத் தொட்டால் அவர்தான் சண்டைக்கு வருகிறாராம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இத்தனை காலமும் அது எனக்கு மட்டும் வந்த கேள்வி என்று நினைத்திருந்தேன்.

என் முறை வந்தபோது தலைவரின் கேள்வியை அப்படியே சொன்னேன். ஒருவரும் புத்திமதி சொல்லவில்லை. துரொண்ட்ஹெய்ம்காரி மட்டும் கேட்டாள்: “அந்த மனிதருக்கு நிறம் தெரியுமா?”

திரும்பும்போது நானும் தாதியும் ரயில் நிலைய வாங்கில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். வெளியில் சாப்பிடுவதில் தான் அவ்வளவு கண்டிப்பில்லை, அந்த மண்டபத்தில் மட்டும் விதி விதிதான் என்றாள். ஆறிப்போன வடைதான். அவள் ஒன்றோடு நிறுத்தவில்லை.

அடுத்த நாள் ட்வெய்ட்டா கடையில் பச்சை நாடாவும் சிவப்பு நாடாவும் வாங்கினேன். சங்கத்தின் குசினியில் என் தலைக்குள் இருந்ததையெல்லாம் சட்டிகளில் ஒட்டினேன். ஒட்ட ஒட்டத் தலை லேசாகிக்கொண்டே வந்தது.

ஆண்டுக்கூட்டத்தில் என் பெயரை முன்மொழிந்ததும், எதிர்பார்த்தபடியே தலைவர் எழுந்தார். சபைக்கு முன்னால் அதே கேள்வியை, அதே கவலையோடு கேட்டார்.

“தம்பி, உங்களுக்கு நிறம் தெரியும்தானே,” என்றேன். “பச்சை ஒட்டினது சைவச் சட்டி. சிவப்பு மச்சச் சட்டி. சனிக்கிழமை வாங்கோ, காட்டித் தாறன்.”

பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

“அகப்பையும் வேறை வேறையோ, அக்கா?”

“ஓம்,” என்றேன்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றபோது, முதலில் உயர்ந்தது அவருடைய கை.