காட்டேஜுக்கு வந்த கோழி

கல்வராயன் மலையில் காட்டேஜ் எடுக்கலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அங்கே இருக்கும்வரை நான் அடுப்படிப் பக்கமே போகமாட்டேன். காய்ச்சலில் கிடந்த நாளில்கூடக் கரண்டியை விடாதவள் நான். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கள்ளக்குறிச்சியில் கார் ஏறியதிலிருந்து படகு, அருவி, சும்மா உட்கார்ந்து மலையைப் பார்ப்பது என்று அங்கே செய்யப்போவதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வடக்கனந்தல் தாண்டும்போதுதான் பின்சீட்டுப் பக்கம் எதுவோ உருளும் சத்தம் கேட்டது.

"இன்னாங்க அது?"

"சின்ன சிலிண்டர்தான். ஆத்திர அவசரத்துக்கு டீ போட்டுக்கலாம்னு."

பக்கத்திலிருந்த பையைத் திறந்தால், டீ போடுவதற்காகக் குக்கர், மிக்சி, மசாலா டப்பா எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டில் வெளியூர் போவதென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, சமையற்கட்டை மட்டும் கையோடு தூக்கிக்கொண்டு போவதுதான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இருப்பதே பெரும்பாடாகிவிட, சண்டையை மேலே போய் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மேலே போனால் காட்டேஜ் வாசலில் தியாகதுருகத்து நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் நின்றார்கள். நான் அண்ணன் என்று கூப்பிடும் அந்த வீட்டுக்காரர் கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி. என் கணவர் தன் அக்காவிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார். சொன்ன பிறகு வராமல் இருப்பது எங்கள் சொந்தத்தில் மரியாதைக் குறைவு. வெறுங்கையோடு வருவது அதைவிடக் குறைவு.

"மலைக்கு வந்துட்டு கோழி அடிக்காம போவாங்களா? நீ கொழம்பு வெச்சாத்தாம்மா ருசி," என்றார் அண்ணன்.

கோழி என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் போட்ல போகப்போறேன். கோழிய நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏரியை நோக்கி நடந்தேன்.

பின்னாலேயே நாத்தனார் வேகமாக வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ நான் ஏறிய மிதிபடகிலேயே என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் மிதித்ததும் சொன்னார். "கோழி உங்க அண்ணன் வேலை. வெங்காயம் உரின்னு சொல்லிக்கினே இருந்தாரு, வந்துட்டேன். எனக்கு மட்டும் ஒரு நாளாவது ஒக்காந்து சாப்பிடணும்னு ஆசை இருக்காதா?"

அவர் என் நாத்தனாராகி இத்தனை வருஷத்தில், அவரை எனக்கு உண்மையாகவே பிடித்தது அந்த நிமிஷத்தில்தான்.

கரையில் நின்று என் கணவர் கத்தினார். "மசாலா எவ்ளோ போடணும்?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் காதுல வுழல அண்ணி."

"எனக்கும்தான் வுழல. நீ மிதிம்மா, அந்தக் கரைக்குப் போலாம்."