மேடையில் இரண்டு பேர், வேப்பிலைக்குள் ஒருத்தி

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனிடம் ஊர் பேசுவது இரண்டே சொல்: 'கூட்டு', 'குறை'.

நாற்பது வருடமாக இந்தக் கரையில் இதைத்தான் கேட்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி கூட்டச் சொல்லும், பெண் பகுதி குறைக்கச் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் சொல்லும். பெட்டியோடும் வயரோடும் மல்லுக்கட்டுகிற என் கூட்டாளிகளே, உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஒரு நாள் வந்து என் கதிரையில் இருந்து பாருங்கள். இங்கே சொல்லப்போவது மூன்று சகோதரிகளால் நான் பட்ட பாடு. நீட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

சோற்றுப் பார்சல்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. இடைவேளை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு மர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். இரண்டு வாய் வைத்திருப்பேன். ஒலிபெருக்கியில் பாட்டு. நான் போட்ட பாட்டு இல்லை. சிலாபம் பஸ் எங்கள் சந்தியில் நிற்பதில்லை என்று ஒரு பாட்டு. கை காட்டினோம் நிற்கவில்லை, பை காட்டினோம் பார்க்கவில்லை என்று போகிறது.

ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று பெண் பிள்ளைகள். கரைவலை இழுக்கிற செல்வத்தின் மக்கள். பெரியவள் மதுராவுக்கு அப்போது பத்து வயது, கையில் கம்பி ஒன்று குறைந்த கிட்டார். நடுவிலாள் தர்சிக்கு எட்டு, பாடினது அவள். சின்னவள் கயலுக்கு ஐந்து, என் மேசையையே மேளமாக்கி அடித்துக்கொண்டிருந்தாள். "ஆரைக் கேட்டு மைக்கைத் தொட்டீங்க?" என்று கத்தினேன். மூத்தவர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். சின்னவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா, சத்தம் காணாது. கூட்டுங்கோ."

ஏழு பேர்

அதற்குப் பிறகு அவர்கள் விடவில்லை. குழுவுக்கு 'நெத்தலி' என்று பெயர் வைத்தார்கள். நெத்தலி சின்னது, கூட்டமாய்த் திரியும், அதனாலாம். இது என்ன வகைப் பாட்டு என்று மதுராவிடம் கேட்டேன். "இண்டி பொப், தாத்தா" என்றாள். அப்பிடியெண்டால் என்ன என்றேன். "எங்கட பாட்டை நாங்களே எழுதி, நாங்களே மெட்டுப் போட்டு, நாங்களே பாடுறது. ஒருத்தரும் கேட்காட்டியும் பாடுறது." கடைசிப் பகுதி எனக்கு விளங்கியது. வெறும் மைதானத்தில் 'ஹலோ, ஹலோ' என்று கத்தியே வயது போனவன் நான்.

கயலின் மேளம், தகப்பன் கரையிலிருந்து கொண்டுவந்த மீன் பெட்டி. கவிழ்த்து அடித்தால் கனமான சத்தம் வரும். கழுவினால் சத்தம் மாறிவிடும் என்று அவள் கழுவ விடுவதில்லை. முந்தல் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு என் பெட்டிகளோடு இவர்களும் வந்தார்கள். இரண்டாவது பாட்டு முடியவில்லை, அந்தப் பகுதிப் பூனைகள் வந்து மேளத்தைச் சுற்றி இருந்துவிட்டன. ஒன்று பெட்டிக்குள் தலையையும் விட்டது. கயல் ஓர் அடி பிசகவில்லை. வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, பாட்டுக்காரர் மூண்டு பேர் எண்டுதானே சொன்னீங்க? இப்ப ஏழு பேர் நிக்குது. எல்லாருக்கும் சாப்பாடு வைக்க வேணுமோ?"

மைக் டெஸ்ட்

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழா மேடை. அதில் வெளியூர் இசைக்குழுதான் ஏறும். சிலாபத்திலிருந்து வரும், கொழும்பிலிருந்தும் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளை ஏறினதில்லை. சொந்தப் பாட்டோடு ஒருவருமே ஏறினதில்லை.

கோயில் தலைவர் மாணிக்கம்தான் கரைவலைச் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை. செல்வம் அவரிடம் வலை இழுக்கிறவன். தலைவர் வேண்டாம் என்றால் கிட்டார் அலுமாரிக்கு மேலே போய்விடும், பிறகு இறங்காது. செல்வம் அதைப் பிள்ளைகளிடம் சொல்லியே வைத்திருந்தான்.

மதுரா தானே போய்க் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. சாமிப் பாட்டுப் பாடு, பஸ்ஸைப் பற்றியெல்லாம் கோயிலில் பாடுவதோ என்று தலைவர் திருப்பி அனுப்பினார். நான் கம்பத்தில் ஏறி ஹோர்ன் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து சொன்னேன். பத்தாம் திருவிழாவன்று பின்னேரம் நாலு மணிக்கு இருபது நிமிடம் மைக் டெஸ்ட் பண்ண வேண்டும். நான் கத்தினால் என்ன, யாராவது பாடினால் என்ன. தலைவர் என் பக்கம் விரலை நீட்டினார்.

"சரி. ஆனா சனம் சிரிச்சுதெண்டா அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கரையில இனி மைக் இல்ல. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

ஒரு வயர் போக, ஒரு வயர் வர

பத்தாம் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்க, தர்சிக்கு அம்மாள் வந்தது. உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அவள் வெளியே வரக்கூடாது. மற்ற இரண்டு பேருக்கும் அது முந்தியே வந்து போனதுதான். இருந்தாலும் அன்றைக்கே மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாடுகிறவள் இல்லை, விட்டுவிடுங்கள் என்று மதுராவிடம் சொன்னேன். அவள் கேட்டது இது: "உங்களிட்ட வயர் எவ்வளவு நீளம் இருக்கு, தாத்தா?"

வீடு கோயில் வெளிக்குப் பின்னால், ஒரு தென்னந்தோட்டம் தாண்டி. இருந்த வயர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி வேலி வேலியாகக் கொண்டுபோனேன். மைக்கைத் தடியில் கட்டி ஜன்னலுக்குள் நீட்டினேன். தாய் ராணி வாங்கி, வேப்பிலைக் கட்டிலில் கிடந்தவள் பக்கத்தில் வைத்தாள். பாடிப் பார்த்தோம். நாசம். மேடைச் சத்தம் காற்றில் போய் அவள் காதில் விழுந்து, அதைக் கேட்டு அவள் பாட, இங்கே மேளம் ஓர் அடி முன்னால் போய்விட்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே இரண்டாவது வயரும் இழுத்தேன். பழைய ஹெட்போன் ஒன்றை அவள் காதில் மாட்டச் சொல்லி, மேடைச் சத்தத்தை நேரே அனுப்பினேன். அதன் பிறகு மூன்று பேரும் ஒரே பாயில் இருந்து பாடுகிற மாதிரி வந்தது.

செய்தி கேட்டுத் தலைவர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். அம்மாள் இருக்கிற வீட்டிலிருந்து கோயிலுக்குப் பாட்டு வரலாமோ என்பது அவர் கேள்வி. ராணி ஜன்னலுக்குள் நின்றே பதில் சொன்னாள்.

"வெளியில போகக் கூடாதெண்டுதான் சட்டம், அண்ணே. பாடக் கூடாதெண்டு இல்ல. கோயில்ல இருக்கிறவவும் இஞ்ச வந்திருக்கிறவவும் ஒராள்தானே, அவவுக்குத் தெரியாததோ?"

சொறியாத

நாலு மணி. நல்ல வெயில். கடலைக்காரி, வளையல் கடைக்காரர், வலை இழுத்து முடித்து வந்த ஆட்கள், கொஞ்சம் பொடிசுகள். மேடையில் ஒரு பக்கம் மதுரா, மறு பக்கம் மீன் பெட்டியோடு கயல். நடுவில் ஒரு மைக் கம்பம், அதன் பின்னால் ஒருவரும் இல்லை. "நெத்தலி" என்று அறிவித்தேன். "கிலோ என்ன விலை?" என்று வலைக்காரன் ஒருவன் கேட்டான். தலைவர் முன்கதிரையில் நிமிர்ந்தார். செல்வம் ஒரு தென்னைக்குப் பின்னால் போய் நின்றான்.

குரல் வந்தது. சனம் மேடையைப் பார்த்தது, ஹோர்னைப் பார்த்தது, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பேச்சு அடங்கியது. தர்சிக்கு அன்றைக்குக் காய்ச்சல் குரல், அடியில் ஒரு கரகரப்பு, அதுவே பாட்டுக்குப் பொருந்தியது. வலைக்காரர் வலை இழுக்கிற தாளத்தில் கை தட்டத் தொடங்கினார்கள். கயல் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது, சிலாபம் பஸ் பாட்டு. அதன் நடுவில், கட்டியிருந்த நாலு ஹோர்னிலும் தர்சியின் குரல் கேட்டது: "அம்மா, முதுகு சொறியுது!" உடனே ராணி: "சொறியாத! தழும்பு விழும்! வேப்பிலையால தடவு!"

கோயில் வெளி முழுக்கச் சிரித்தது. தலைவரும் எழும்பிவிட்டார். என் கை சத்தக் குமிழுக்குப் போனது. குறைக்கவில்லை, ஏனென்று கேட்காதீர்கள். மதுரா கிட்டாரை நிறுத்தவில்லை. கயல் மேளத்து மைக்கில் குனிந்தாள். "அக்கா, தடவிப்போட்டு ஆறுதலா வா. நாங்கள் அடிச்சுக்கொண்டு நிக்கிறம்." அடித்துக்கொண்டு நின்றார்கள். சிரித்த சனமும் கூடத் தட்டிக்கொண்டு நின்றது. எட்டுச் சுற்றுப் போயிருக்கும். தர்சி விட்ட சொல்லிலேயே வந்து ஏறினாள். அப்போது கிளம்பிய சத்தம் என் பெட்டிகளில் ஒருநாளும் வந்ததில்லை. தென்னைக்குப் பின்னால் நின்றவன் முன்னால் வந்திருந்தான்.

பாட்டு முடிந்தது. தலைவர் என்னை நோக்கி வந்தார். சனம் சிரித்தால் என்ன நடக்கும் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வயரைச் சுருட்டத் தொடங்கினேன். இரண்டு சுற்றுச் சுருட்டினேன், வயர் வரவில்லை. அவர் அதை மிதித்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏன் இப்ப சுருட்டுறீங்க? நாளைக்கும் மைக் டெஸ்ட் பண்ண வேணுமெல்லோ?"

சந்தி

அந்த பஸ் பாட்டை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். புத்தளத்திலும் கேட்கிறது, கற்பிட்டியிலும் கேட்கிறது. போன கிழமை ஒரு வயர் வாங்கச் சிலாபம் போகச் சந்தியில் நின்றேன். மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பையோடு நின்றார்கள். பஸ் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, எங்கள் கால்விரலில் முட்டாத குறையாக வந்து நின்றது. கொண்டக்டர் இறங்கி, பைகளை ஒவ்வொன்றாகத் தானே வாங்கி உள்ளே வைத்தான்.

"ஏறுங்கோ பிள்ளைகள், ஆறுதலா ஏறுங்கோ. மற்றப் பாட்டில என்ர பேரைப் போட்டுடாதீங்கோ."

மஞ்சள்

கடைசியாக என் மைக். தர்சிக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று அதை வாங்கப் போனேன். முற்றத்து வெயிலில், கழுவின பாய்க்கும் தலையணை உறைக்கும் பக்கத்தில் அது காய்ந்துகொண்டிருந்தது. முழுக்க மஞ்சள் நிறம். கம்பி வலைக்குள் ஒரு வேப்பிலை. எடுத்துக் குலுக்கினேன். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. ராணி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், முகத்தில் அப்படியொரு நிறைவு.

"பிள்ளைக்கு மஞ்சள் தண்ணி வார்த்தன், அதுக்கும் வார்த்திட்டன், அண்ணே. அதுவும் அந்த அறையிலதானே இவ்வளவு நாளும் படுத்துக் கிடந்தது."

நாற்பது வருடத்தில் 'கூட்டு' என்றும் 'குறை' என்றும் ஒருவரும் சொல்லாத இருபது நிமிடத்துக்கு ஒரு மைக் செத்தது நியாயம்தான், ஆனால் இதை அந்த மூன்று பேரிடமும் யாரும் போய்ச் சொல்லிவைக்க வேண்டாம்.